ஏர் பிடித்த வில்லன்

அன்புள்ள மலருக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. 'வில்லன்' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்டதாக எழுதியிருந்தாய். நம்பியார் படம் பார்த்து வளர்ந்த நமக்கு அது தமிழாகவே ஆகிவிட்டது. ஆனால் அதன் பின்னால் இருக்கிற கதை பெரிது. அவசியம் பிள்ளைகளுக்குச் சொல்.

லத்தீனில் 'வில்லா' என்றால் நிலபுலத்தோடு கூடிய பண்ணை வீடு. அந்தப் பண்ணையில் பாடுபட்டவன் 'வில்லானுஸ்'. அதில் துளிக்கூடக் கெட்ட அர்த்தம் இல்லை. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபோது அவர்களுடைய பிரெஞ்சு வழியாக இந்தச் சொல் அங்கே போய்ச் சேர்ந்தது. 1086-இல் அரசன் வில்லியம் எடுத்த டூம்ஸ்டே நிலக் கணக்கில் மற்ற எல்லாரையும்விட அதிகமாக இருந்தவர்கள் இந்த வில்லானிகள்தாம், ஒரு லட்சத்துக்கும் மேலே.

அவர்கள் பட்ட பாட்டைக் கேள். வாரத்தில் சில நாள் பண்ணையார் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். அவர் அனுமதி இல்லாமல் ஊரை விட்டுப் போகக் கூடாது. மகளைக் கட்டிக்கொடுத்தால் அதற்கும் அவருக்குப் பணம். குடும்பத் தலைவன் செத்தால், தொழுவத்தில் இருப்பதிலேயே நல்ல மாட்டைப் பண்ணையார் ஓட்டிக்கொண்டு போவார். துக்க வீட்டில் மாட்டை அவிழ்ப்பதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

இவன் எப்படிக் கொடியவன் ஆனான்? ஒரு பாதகமும் செய்யவில்லை. எழுத்து அவனிடம் இல்லை, அவ்வளவுதான். ஏட்டில் எழுதியவர்கள் பாதிரிமார்களும் பிரபுக்களை அண்டிப் பாடியவர்களும். அவர்கள் எழுத்தில் இவன் முதலில் நாகரிகம் தெரியாதவன், பிறகு இழிந்தவன், கடைசியில் எதற்கும் துணிந்த பாதகன். 'நோபிள்', 'ஜென்டில்', 'ஜெனரஸ்' மூன்றும் உயர்குடிப் பிறப்பைச் சொன்ன சொற்கள்தாம். அவை மட்டும் நல்ல குணங்களின் பெயராகிவிட்டன! குலத்தைச் சொன்ன சொல் குணத்தைச் சொல்லும் சொல்லாவதைப் பற்றி சி.எஸ். லூயிஸ் 1960-இல் வந்த 'ஸ்டடீஸ் இன் வேர்ட்ஸ்' நூலில் எழுதியிருக்கிறார், கிடைத்தால் படி. இதை வெறும் பொருள் மாற்றம் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. உழைப்பைப் பிடுங்கியவர்கள் அவன் பெயரையும் பிடுங்கிக்கொண்டார்கள் என்றே சொல்வேன்.

அவர்கள் அடங்கியே கிடக்கவும் இல்லை. 1348-இல் வந்த கொள்ளைநோயில் ஊர் ஊராக ஆள் அழிந்தது. மிஞ்சியவர்கள் கூலி உயர்த்திக் கேட்டார்கள். 1351-இல் ஆள்வோர் சட்டம் போட்டுக் கூலி உயராமல் கட்டுப்படுத்தினார்கள். அதன் மேல் தலைவரியும் வந்து விழ, 1381 ஜூனில் கென்ட், எசெக்ஸ் குடியானவர்கள் லண்டனுக்கே திரண்டு வந்தார்கள். பதினான்கு வயது அரசன் இரண்டாம் ரிச்சர்ட், பண்ணையடிமை முறை ஒழியும் என்று மைல் எண்டில் வாக்குக் கொடுத்தான். மறுநாளே ஸ்மித்ஃபீல்டில் தலைவன் வாட் டைலர் கொல்லப்பட்டான்; வாக்கும் போயிற்று. ஆனால் பல ஊர்களில், தங்கள் அடிமைத்தனம் எழுதியிருந்த பண்ணை ஏடுகளை அவர்கள் தேடித் தேடி எரித்திருந்தார்கள். எழுத்து தங்களுக்கு என்ன செய்தது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும், மலர்.

ஆங்கில அகராதியில் இன்றும் பாவிக்கு ஓர் எழுத்துக்கூட்டு, அந்தக் காலக் குடியானவனுக்கு வேறோர் எழுத்துக்கூட்டு. இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டு. பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுது. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்