36 வயசு

ரெஸ்லிங் பார்த்து வளர்ந்த எங்கட செட்டுக்கு 2023 கொஞ்சம் பாரமான வருஷம்.

ஜூன் 7ல் அயர்ன் ஷேக், 81 வயசு. ஆகஸ்ட் 23ல் டெரி ஃபங்க், 79 வயசு. வயசாளிகள்தானே என்று மனசைத் தேத்திக்கொண்டோம். அடுத்த நாளே ப்ரே வயட். மாரடைப்பு. 36 வயசு. நாலு பிள்ளைகளின் வாப்பா.

சின்ன வயசுல டீவிக்கு முன்னால நாங்க கத்தும்போது வாப்பா சொல்வார், "எல்லாம் நடிப்புடா, போய்ப் படி." உண்மைதான். யார் வெல்வது என்று முதலே பேசி வைத்திருப்பார்கள். ஆனா அடிபட்டது அவங்கட சொந்த உடம்புதானே.

ப்ரே வயட் இருட்டுக்குள்ள லாந்தரோட வருவார். ரசிகர்கள் போன் லைட்டைத் தூக்கிப் பிடிப்பார்கள், மின்மினிப் பூச்சி மாதிரி. மௌத்தான மறுநாள் அவருக்காகப் பத்து முறை மணி அடித்தார்கள். அரங்கு முழுக்க அதே வெளிச்சம்.

எனக்கும் இந்த வருஷம் 36. பிரஷர் பாருங்க என்று மனைவி மாசக்கணக்காச் சொல்லியும் ஸ்கூல் வேலையைச் சாட்டித் தள்ளிப்போட்டேன். அந்தக் கிழமை போனேன். கூடத்தான் இருந்தது. இப்ப மருந்து எடுக்கிறேன், அல்ஹம்துலில்லாஹ்.

கூட்டாளிமாரே, நீங்களும் ஒருக்கா போய்ப் பாருங்க.