மீண்டும் மாணாக்கர்

பல்லாண்டு முயன்று ஈட்டிய செல்வம் ஒரே நாளில் செல்லாக் காசாகிவிட்டால் ஒருவர் மனம் என்ன பாடுபடும்! பொருளை இழந்தவர் துயரத்தை உலகம் அறியும். கண்விழித்துக் கற்ற கல்வியே பயன்படாது போயிற்று என்று கண்டவர் துயரம் அதனினும் பெரிது. அத்தகைய நாள் ஒன்று ஜப்பானிய அறிஞர் ஃபுகுசாவா யுகிச்சியின் வாழ்வில் வந்தது. அதனை அவர் எவ்வாறு கடந்தார் என்பது, அயல்மொழி கற்பார் யாவரும் அறிந்துகொள்ளத் தக்க வரலாறாகும்.

17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜப்பான் தன் வாயில்களை மேலைநாட்டாருக்கு அடைத்துக்கொண்டது. ஐரோப்பியருள் டச்சுக்காரர் மட்டுமே அங்கு வணிகம் செய்ய இசைவு பெற்றிருந்தனர். அவர்களும் 1641 முதல், நாகசாகித் துறைமுகத்தில் உள்ள தேஜிமா என்னும் சிறு தீவிலேயே தங்கவேண்டியிருந்தது. ஆதலால், மேலைநாட்டு மருத்துவமும் பிற அறிவியல்களும் டச்சு நூல்கள் என்னும் ஒரு சிறு சாளரத்தின் வழியாகவே ஜப்பானுக்குள் நுழைந்தன. புதிய அறிவை நாடியவர் டச்சு மொழியைக் கற்றனர்.

ஃபுகுசாவா 1835ஆம் ஆண்டில் எளிய சாமுராய்க் குடும்பம் ஒன்றில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். பிறப்பே ஒருவருடைய உயர்வு தாழ்வை வரையறுத்த அக்காலத்தில், கல்வியே அவருக்குப் புகலாயிற்று. 1854இல் நாகசாகிக்குச் சென்று டச்சு மொழியை எழுத்திலிருந்து கற்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, ஒசாகா நகரில் ஒகாட்டா கோவான் என்னும் மருத்துவர் நடத்திய பள்ளியில் சேர்ந்தார்.

அப்பள்ளியில் நூல்கள் மிக அரியவை. கற்கவேண்டிய பகுதியை மாணவர்கள் தம் கையாலேயே படியெடுத்துக்கொள்வார்கள். அகராதியும் அனைவருக்கும் பொதுவானதே. ஆதலால், தேர்வு நெருங்கும் இரவுகளில் அகராதி இருந்த அறையில் கூட்டம் நிறைந்திருக்கும். ஒருமுறை, விலையுயர்ந்த அறிவியல் நூல் ஒன்று ஆசிரியர் கைக்கு இரவலாக வந்தது. அதனை விரைவில் திருப்பித் தரவேண்டியிருந்தது. மாணவர்கள் முறைவைத்துக்கொண்டு, ஒருவர் படிக்க மற்றொருவர் எழுத, இரவு பகலாக அமர்ந்து, மின்சாரத்தைப் பற்றிய பகுதி முழுவதையும் படியெடுத்து முடித்தனர். ஃபுகுசாவா நோயுற்றிருந்த ஒரு நாள் தலையணையைத் தேடினார், கிடைக்கவில்லை. நெடுநாளாகத் தாம் தலையணை வைத்து உறங்கியதே இல்லை என்பது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. படித்துக்கொண்டே மேசையின்மேல் சாய்ந்து உறங்கிவிடுவது அவருக்கு வழக்கமாகியிருந்தது!

இவ்வாறு பெற்ற புலமையினால் 1858இல் அவருக்கு எடோ நகரில் டச்சு மொழி கற்பிக்கும் பணி கிடைத்தது. இன்றைய டோக்கியோவே அந்நாளைய எடோ. அங்கே அவர் ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். அடைத்திருந்த ஜப்பானின் வாயில்கள் அதற்குள் திறக்கத் தொடங்கியிருந்தன. 1853இல் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வந்தன, உடன்படிக்கைகள் தொடர்ந்தன, 1859இல் யோகோஹாமாத் துறைமுகம் அயல்நாட்டு வணிகருக்குத் திறந்துவிடப்பட்டது. அவ்வூரைக் காணும் ஆவலால் 24 வயதான அந்த ஆசிரியர் நள்ளிரவில் எடோவிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டார்.

யோகோஹாமாவில் புதிய கடைகள் எழுந்திருந்தன. அவற்றின் பெயர்ப் பலகைகளை அவர் உற்று நோக்கினார், ஒன்றும் விளங்கவில்லை. புட்டிகளின்மேல் ஒட்டியிருந்த தாள்களைப் படிக்க முயன்றார்; அவற்றிலும் அறிந்த சொல்லைக் காணவில்லை. வணிகர்களிடம் டச்சு மொழியில் பேசினார். அவர் பேச்சு அவர்களுக்குப் புரியவில்லை. அவர்கள் பேச்சு அவருக்கும் புரியவில்லை. ஜெர்மானிய வணிகர் ஒருவர் மட்டும், டச்சு மொழியில் எழுதிக் காட்டியதை ஒருவாறு புரிந்துகொண்டார். அங்கு வழங்கியது ஆங்கிலமாகவே இருக்கவேண்டும் என்று ஃபுகுசாவா உய்த்துணர்ந்தார். மறுநாள் நள்ளிரவில் வீடு திரும்பியபோது அவருடைய கால்கள் சோர்ந்திருந்தன. உள்ளமோ அவற்றினும் மிகுதியாகச் சோர்ந்திருந்தது. இத்தனை ஆண்டு உழைப்பும் வீணாயிற்றே!

ஆயினும், அச்சோர்வு நீடிக்கவில்லை. விடிந்ததும் ஆங்கிலம் கற்பது என்று அவர் உறுதி பூண்டார். ஆசிரியர் என்று பலர் போற்றும் நிலையை அடைந்த ஒருவர் மீண்டும் முதற்படியில் வந்து நிற்பது எளிதன்று. அவருடைய நண்பர் ஒருவர், இன்றியமையாத நூல்கள் எல்லாம் டச்சு மொழியில் பெயர்க்கப்பட்டு வந்துவிடும். ஆங்கிலம் எதற்கு என்று கூறி உடன் கற்க மறுத்துவிட்டார். ஃபுகுசாவா அவ்வாறு தம்மைத் தேற்றிக்கொள்ளவில்லை.

ஆனால், ஆங்கிலம் கற்பிப்பார் யார்? ஆங்கிலம் அறிந்த அரசாங்க மொழிபெயர்ப்பாளர் ஒருவர் எடோவில் இருந்தார். ஃபுகுசாவா நெடுந்தொலைவு நடந்து அவர் இல்லத்துக்கு நாள்தோறும் சென்றார். அயல்நாட்டாருடன் நடந்த பேச்சுகளால் அவருக்கு ஓய்வே இல்லை. இரண்டு மூன்று மாதங்கள் காலையிலும் மாலையிலும் காத்திருந்தும் கற்றது சிறிதளவே. பின்னர் ஃபுகுசாவாவுக்கு டச்சு–ஆங்கில அகராதி ஒன்று கிடைத்தது. அதனையே ஆசிரியராகக் கொண்டு ஒவ்வொரு சொல்லாகக் கற்றார். ஆயினும், சொற்களைச் சரியாக ஒலிப்பது அவருக்குக் கடினமாயிருந்தது. ஆகவே, நாகசாகியிலிருந்து வந்த சிறுவன் ஒருவனுக்கு ஆங்கிலம் தெரியும் என்று கேள்விப்பட்டு, அவனிடம் ஒலிப்பைக் கேட்டறிந்தார். புயலில் சிக்கி அயல்நாடு சேர்ந்து, பின் நாடு திரும்பிய மீனவர்களையும் தேடிச் சென்று கேட்டார். அறிந்தவர் சிறுவராயினும் எளியவராயினும் அவரிடம் கற்க அவர் நாணவில்லை.

கற்கக் கற்க ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. டச்சும் ஆங்கிலமும் ஒரே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை; சொற்களிலும் தொடர் அமைப்பிலும் அவற்றுக்கு நெருங்கிய உறவு உண்டு. டச்சு மொழியில் அவர் பெற்ற பயிற்சி ஆங்கிலம் கற்கத் துணைசெய்தது. வீணாயிற்று என்று அவர் வருந்திய உழைப்பு, புதிய கட்டடத்திற்கு அடித்தளமாயிற்று.

1860இல் ஜப்பானியக் கப்பல் ஒன்றில் அவர் அமெரிக்கா சென்றார். திரும்பும்போது வெப்ஸ்டர் அகராதி ஒன்றை வாங்கி வந்தார். அவ்வாண்டிலேயே ஆங்கிலச் சொற்களுக்கு ஜப்பானிய ஒலிப்பும் பொருளும் தரும் நூல் ஒன்றை வெளியிட்டார். கீழுதட்டை மேற்பல் தொட எழும் ஆங்கில ஒலி ஜப்பானிய மொழியில் இல்லை. அவ்வொலியைக் காட்ட ‘உ’ என்னும் ஜப்பானிய எழுத்தின்மேல் இரு சிறு கோடுகளை இட்டார். அவ்வெழுத்து இன்றும் வழக்கில் உள்ளது.

1863இல் அவருடைய பள்ளி ஆங்கிலப் பள்ளியாக மாறியது. 1867இல் மீண்டும் அமெரிக்கா சென்றபோது, மாணவர் ஒவ்வொருவரும் தமக்கெனப் பாடநூல் வைத்துப் படிக்கும் அளவுக்கு நூல்களை வாங்கி வந்தார். விடிய விடியப் படியெடுத்த தம் இளமைத் துன்பத்தைத் தம் மாணவர் படவேண்டியதில்லை என்று அவர் கருதினார் போலும்! 1868இல் பள்ளி கெயோ கிஜுக்கு என்னும் பெயர் பெற்றது. அவ்வாண்டு நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. மாணவர் தொகை ஒரு காலத்தில் 18ஆகக் குறைந்தது. உயெனோ என்னும் பகுதியில் பீரங்கிகள் முழங்கிய நாளிலும் அவர் ஆங்கிலப் பொருளியல் நூல் ஒன்றைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நெப்போலியன் காலத்தில் ஆலந்து நாடு உரிமை இழந்தபோதும், தேஜிமாவில் அதன் கொடி இறங்காது பறந்ததை மாணவர்களுக்கு எடுத்துரைத்து, கல்வியின் கொடியும் அவ்வாறே பறக்கவேண்டும் என்று ஊக்கினார்.

ஆங்கிலத்துக்காக இத்துணை உழைத்தவர் தாய்மொழியை எவ்வாறு கருதினார்? மேலைநாட்டு முறையில் மேடையில் நின்று சொற்பொழிவாற்ற ஜப்பானிய மொழி ஏற்றதன்று என்று அக்காலத்து அறிஞர் சிலர் எண்ணினர். 1874இல் அறிஞர் கூட்டம் ஒன்றில், ஃபுகுசாவா உரையாடுவதுபோலத் தொடங்கி, அந்நாளைய நிகழ்ச்சி ஒன்றைப் பற்றி ஜப்பானிய மொழியில் நெடுநேரம் பேசினார். பேசி முடித்து, தாம் கூறியது விளங்கிற்றா என்று வினவினார். நன்கு விளங்கிற்று என்றனர் அவையோர். அங்ஙனமாயின், இதுவே சொற்பொழிவு அன்றோ என்றார் அவர்! 1875இல் தம் பள்ளியில் சொற்பொழிவுக்கென்றே ஒரு மன்றம் எழுப்பினார். அது இன்றும் நிலைத்து நிற்கின்றது. அவர் நூல்களும் பொதுமக்கள் படித்தறியத்தக்க எளிய ஜப்பானிய நடையில் அமைந்தன.

டச்சு மொழியில் அவர் இட்ட உழைப்பு ஆங்கிலத்தில் பயன் தந்தது. ஆங்கிலத்தில் இட்ட உழைப்பு ஜப்பானிய மொழியில் கனிந்தது. 1901இல் அவர் மறைந்தபோது, யோகோஹாமாவில் பெயர்ப் பலகை படிக்க இயலாது நின்ற அந்த இளைஞர், ஒரு நாட்டின் நல்லாசிரியராக உயர்ந்திருந்தார். கற்றது போதாது என்று உணர்ந்த இரவில் மனம் தளர்வது இயல்பு. விடிந்ததும் மீண்டும் மாணாக்கராகும் துணிவு எவருக்கு உண்டோ, அவர் உழைப்பு ஒருநாளும் வீண்போவதில்லை.