பச்சைச் சுவர் மாஸ்டர்

வாட்ஸ்அப் முகப்புப் படத்தை வைத்து ஒரு ஆசிரியரை அடையாளம் கண்டுபிடிக்கவே முடியாது. பாதிப் பேர் அப்துல் கலாமாக இருப்பார்கள். மீதியில் சிலர் விவேகானந்தர், சிலர் திருத்தணி முருகன். இன்ஜினியரிங் படிக்கும் மகளின் எல்.கே.ஜி. படத்தை இன்னும் மாற்றாதவர்களும் உண்டு. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது இப்படிப்பட்ட முகங்கள் நிறைந்த ஒரு குழுவில் சேர்ந்தேன். வேலூர், ஓசூர், திருத்தணிப் பக்கத்து ஆசிரியர்களோடு, எல்லை தாண்டிச் சித்தூர் மாவட்டத்தில் தமிழ்வழிப் பள்ளிகளில் வேலை பார்ப்பவர்களும் அதில் இருந்தார்கள். கைப்பேசியில் பாடத்தைப் படம் பிடிப்பது, இருமலை வெட்டுவது, வாட்ஸ்அப் தாங்கும் அளவுக்குச் சுருக்குவது எல்லாம் அங்கே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்ததுதான்.

பெயர்கள் மனதில் நிற்கவில்லை, பட்டப்பெயர்கள் நின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018இல் க்யூஆர் குறியீடு வந்த நாள் முதல் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த ஓசூர்க்காரர் 'க்யூஆர் சார்'. சென்னை மாநகராட்சிப் பள்ளியில் வேலை பார்த்து, ஓய்வு பெற்றுத் திருத்தணியில் குடியேறிய டீச்சர் எல்லோருக்கும் 'அம்மா'. சித்தூர் மாவட்டத்து ஆசிரியர் ஒருவர் எப்போதும் ஒரே பச்சைச் சுவருக்கு முன்னால் நின்றுதான் பாடம் எடுப்பார். இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். பின்னங்கள், நீர்ச் சுழற்சி, வல்லினம் மெல்லினம் என்று எதை எடுத்தாலும் தெளிவாக இருக்கும். அவர் 'பச்சைச் சுவர் மாஸ்டர்'.

திருப்பதியில் கல்வித் தொழில்நுட்பம் பற்றி இரண்டு நாள் கருத்தரங்கு என்று அழைப்பு வந்ததும் குழுவில் சிலர் பெயர் கொடுத்தோம். கருத்தரங்குகளுக்குப் பஞ்சமில்லாத ஊர் அது. 1954இலிருந்து வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் இருக்கிறது, 2015இல் ஐ.ஐ.டி.யும் ஐசரும் வந்து சேர்ந்தன. திருத்தணிக்காரரான டாக்டர் ராதாகிருஷ்ணன்கூடத் திருப்பதி லூத்தரன் மிஷன் பள்ளியில் படித்தவர்தான். அதை அம்மா சொல்லும்போது பக்கத்து வீட்டுப் பையனைச் சொல்வதுபோல் இருக்கும். "எங்க ஊரு அப்போ சித்தூர் ஜில்லாதானே" என்பார். 1960 ஏப்ரலில்தான் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது.

அரங்க வாசலில் ஒருவரையொருவர் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். திரையில் ஆறடி மனிதராகத் தெரிந்த க்யூஆர் சார் என் தோளுக்குத்தான் வந்தார். பச்சைச் சுவர் மாஸ்டர் நான் நினைத்திருந்ததைவிட வயதானவர், கூச்ச சுபாவி. வருஷக்கணக்கில் தினமும் 'காலை வணக்கம்' போட்டவர்களுக்கு நேரில் பார்த்ததும் பேச்சே எழவில்லை. 'சாப்டீங்களா சார்?' என்பதை மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அரங்குக்குள் நடந்ததைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மேடையில் தளங்கள், தரவு, செயற்கை நுண்ணறிவு. தேநீர் இடைவேளையில்தான் ஆந்திர ஆசிரியர்கள் வாய் திறந்தார்கள். 2022 டிசம்பரில் ஆந்திர அரசு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பைஜூஸ் பாடங்கள் ஏற்றிய டேப் கொடுத்தது. 2024இல் அந்த நிறுவனத்தின் மீதே திவால் நடவடிக்கை தொடங்கிவிட்டது. டேப் கொடுத்ததற்கு இருபது வருஷம் முன்பு, 2002இல், சித்தூர் மாவட்டத்துக் குப்பம் ஊரில் ஹெச்பி நிறுவனம் 'ஐ-கம்யூனிட்டி' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. கணினி மையங்கள் வந்தன. சூரிய சக்தியில் ஓடும் பிரிண்டரை வைத்துக்கொண்டு சுய உதவிக் குழுப் பெண்கள் ஊர் ஊராகப் போட்டோ எடுத்துக் கொடுத்தார்கள். திட்டக் காலம் முடிந்ததும் கம்பெனி விலகிக்கொண்டது. அதே குப்பத்தில் 172 ஏக்கரில் இருக்கும் அகஸ்தியா அறக்கட்டளை 1999இல் தொடங்கியது. இன்றும் அதன் அறிவியல் வண்டிகள் பள்ளிகளுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. வண்டியில் பெட்டியோடு ஒரு ஆளும் இறங்குகிறார், பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்கிறார். எனக்கு அந்த ஆள்தான் முக்கியமாகப் படுகிறது.

இரண்டாம் நாள் காலை அமர்வில் பாதி நாற்காலி காலி என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தப் பாதியில் நாங்களும் இருந்தோம். திருப்பதியில் கருத்தரங்கு வைப்பவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்!

திருமலைக்கு அலிபிரியிலிருந்து 3,550 படி, ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர். 2023இல் சிறுத்தை தாக்கிய பிறகு பக்தர்களைக் கூட்டமாகச் சேர்ந்து போகச் சொன்னார்கள். எங்களுக்கு அதைச் சொல்லவே வேண்டாம், சேர்ந்தே நடந்தோம். முன்னால் ஒரு பெண் ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டே ஏறினார். தட்டில் மஞ்சள் குறையக் குறையப் பின்னால் வந்த தங்கை பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினாள். காலி கோபுரம் தாண்டியதும் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது அம்மா ரிஷிவேலியைப் பற்றி ஆரம்பித்தார்.

மதனப்பள்ளிக்குப் பக்கத்தில், ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய பள்ளி அது. 2022இல் மாவட்டங்களைப் பிரிக்கும்வரை சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. அங்கே பத்மநாப ராவ், ரமா தம்பதி சுற்றுவட்டாரக் கிராமங்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்கென்று ஒரு முறையை உண்டாக்கியிருந்தார்கள். பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்து, ஏணிப்படிபோல் வரிசைப்படுத்தி, பிள்ளை தன் வேகத்தில் ஏறிப் போகும் முறை. 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்களை அங்கே அனுப்பினார். போனவர்களில் அம்மாவும் ஒருவர்.

"நாங்க கார்டைப் பாத்துட்டு வந்தோம்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. கார்டுல என்ன இருக்கு? அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துல முப்பது பிள்ளைங்க முப்பது வேலை செய்யுது. நடுவுல டீச்சர் பாய்ல ஒரே ஒரு பிள்ளையோட உட்கார்ந்திருக்காங்க. மத்ததுங்களைத் திரும்பிக்கூடப் பாக்கல. எனக்குப் படபடன்னு வந்துடுச்சு. எந்திரிச்சு அதட்டணும்போல இருந்துச்சு. மூணாம் நாள்தான் அது அடங்குச்சு."

இந்த மூணாம் நாளைத்தான் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. 2007இல் அந்த அட்டை முறை செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் தமிழ்நாடு முழுக்க 37,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. என் பள்ளிக்கும் வந்தது. அட்டைப்பெட்டி வந்தது, ஏணிப்படி அட்டவணை வந்தது, கீழ்மட்டக் கரும்பலகை போட்டார்கள், தலைக்கு மேலே கம்பிப் பந்தல் கட்டினார்கள். குழுக்களுக்கு ஆறு தட்டு வைத்தோம். வட்டார வள மையத்தில் பயிற்சியும் கொடுத்தார்கள். ஆனால் பாயில் சும்மா உட்கார்ந்திருந்த அந்த டீச்சரை எங்களில் யாரும் பார்த்ததில்லை. ஆகவே பிள்ளை எந்த அட்டையில் இருக்கிறது என்று குறிப்பதிலேயே நேரம் போனது. ஆய்வுக்கு வந்தவர்களும் அதைத்தான் கேட்டார்கள். பின்னால் அந்த முறையே மெல்ல மெல்லக் கைவிடப்பட்டபோது பலர் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். முறையில் கோளாறு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ரிஷிவேலிக்குப் போய்ப் பார்த்துக் கற்றதைப் பெட்டியில் அடைத்து லாரியில் அனுப்பினால் போதும் என்று நினைத்ததுதான் கோளாறு.

மோகாள்ள பர்வதத்தில் படிகள் செங்குத்து, சிலர் முழங்காலிட்டே ஏறுவார்கள். அங்கே எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "நாளைக்குச் சனிக்கிழமை, எங்களுக்கு ஸ்கூல் உண்டு. வழியிலதானே, எறங்கிட்டுப் போங்களேன் சார்."

மறுநாள் சித்தூர் தாண்டி வேலூர் சாலையில் இறங்கினோம். பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் கூழ் ஃபேக்டரி வாசலில் ஒரு கிலோமீட்டருக்கு வரிசை கட்டி நின்றன. ஷேர் ஆட்டோவில் உள்ளே போய் இறங்கினால், போர்டில் எம்.பி.பி.எஸ். என்று இருந்தது. மண்டலப் பரிஷத் பிரைமரி ஸ்கூல். "டாக்டர் உள்ளே இருக்காரா?" என்று க்யூஆர் சார் கேட்டார். அந்த ஜோக்கை மாஸ்டர் ஏற்கெனவே பல முறை கேட்டிருப்பார்போல, மரியாதைக்குச் சிரித்தார்.

ஒரே அறை, ஐந்து வகுப்பு. ஆந்திரப் பாடத்திட்டம், தமிழ்வழி, கட்டாயமாகத் தெலுங்கும் உண்டு. எங்கள் பக்கத்துக் கல்வித் தொலைக்காட்சிப் பாடங்களைப் போட்டுக் காட்டினால் வரிசை பொருந்துவதில்லை. அதனால்தான் அவர் தானே எடுக்க ஆரம்பித்திருக்கிறார். பச்சைச் சுவர் எங்கே என்று தேடினேன். மூலையில், ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடுவில், நான்கடி அகலம். மற்ற மூன்று சுவரிலும் மழைநீர் இறங்கிய கறை.

வீடியோ எடுக்கும்போது பிள்ளைகள் சத்தம் கேட்காதே, எப்படி என்று கேட்டேன். "வெளில வேப்ப மரத்தடிக்கு அனுப்பிடுவேன்" என்றார். யார் பார்த்துக்கொள்வார்கள்? ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு, எப்போதும்போல் செய் என்றார். அவள் பிள்ளைகளை மரத்தடிக்கு ஓட்டிக்கொண்டு போனாள். மூன்றாம் வகுப்புக்குத் தலைக்குப் பத்துப் புளியங்கொட்டை. எதிரில் இருப்பவன் கைக்குள் எத்தனை மறைத்திருக்கிறான் என்று மீதியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவன் ஒன்றாம் வகுப்புக்காரன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவனுக்குப் பத்து வரை எண்ணக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் திரும்பி வரலாம். தண்டனைபோலத் தெரியவில்லை, இரண்டு பேர் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னதைப் பார்த்தேன். அந்தப் பெண் நடுவில் உட்கார்ந்து ஒரே ஒரு பொடியனின் சிலேட்டைத் திருத்திக்கொண்டிருந்தாள். மற்றவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மா என் முழங்கையை இடித்தார்.

இதை ஏன் ஒரு தடவைகூடக் குழுவில் போடவில்லை என்று கேட்டதற்கு மாஸ்டர் திகைத்துப் போனார். "இதுல என்ன சார் இருக்கு? நான் பாடம் எடுக்கிறதுக்காகப் பண்ணிக்கிட்ட ஏற்பாடு." க்யூஆர் சார் அதற்குள் கைப்பேசியை எடுத்துவிட்டார். திரும்பி வந்த பிறகு பார்த்தோம். இரண்டு நிமிஷப் படத்தில் பிள்ளைகள் மரத்தடியில் விளையாடுகிறார்கள், அவ்வளவுதான். குழுவில் நிறையக் கைதட்டல் பொம்மைகள் வந்தன. ஒருவர், 'பிள்ளைகளுக்கு விளையாட்டு நேரமும் தேவைதான், அருமை' என்று எழுதியிருந்தார்.

என் பள்ளியிலிருந்து இரண்டு ஆசிரியைகள் அடுத்த மாதம் அங்கே போய் மூன்று நாள் இருக்கப் போகிறார்கள். மாஸ்டர் வீட்டிலேயே தங்கல். பணிநிமித்தம் போவதாக அனுமதி கேட்டு எழுதிப் போட்டோம். வெளி மாநிலப் பள்ளியைப் பார்வையிடுவதற்கு விதியில் இடமில்லை, அந்தப் பள்ளியின் வீடியோ இருந்தால் பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. சி.எல். போட்டுவிட்டுப் போகிறார்கள். புளியங்கொட்டை இங்கிருந்தே எடுத்துப் போகலாமா என்று ஒருத்தி கேட்டாள். வேண்டாம், அங்கே நிறைய இருக்கிறது என்றேன்.