பொறுப்பாசிரியர்

மஸ்கெலியாப் பக்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நெடுந்தூர ஓட்டம் பழக்குகிறவர்களைத் தேடிப் போனபோது, பயிற்றுநர் என்று நியமனம் பெற்ற எவரும் எனக்கு அகப்படவில்லை. ஒருவர் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படித்து வந்த ஆசிரியர். ஒருவர் கொழும்பில் கடையில் நின்றுவிட்டு ஊர் திரும்பிய பழைய மாணவர். சம்பளம் கிடையாது, விசில்கூடச் சொந்தக் காசு.

நான் அதிக நேரம் இருந்தது அவர்களில் ஒரு கணித ஆசிரியரோடு, அதாவது கணக்கு சேரோடு. வலயப் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் பொறுப்பாசிரியர் ஒருவர் வேண்டியிருந்தது. இளையவர் என்று அவர் தலையில் கட்டிவிட்டார்கள். "ஓடத் தெரியுமான்னு யாரும் கேக்கல, நானும் சொல்லல" என்றார். தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷன் லயத்திலிருந்து தினமும் இறங்கிப் படிக்க வந்து, பின்னேரம் அதே ஏற்றத்தில் திரும்பிய கால் அவருடையது. அதை எந்தச் சான்றிதழிலும் எழுதுவதில்லை.

மைதானம் என்பது சரிவை வெட்டி எடுத்த ஒரு துண்டு. நானூறு மீட்டர் வட்டம் அதில் அடங்காது. அதனால் தோட்டத்து ரோட்டில், ஃபெக்டரியிலிருந்து கோயில் வளைவு வரை ஓட்டம். ஏறும்போது மணிக்கூட்டைப் பார்ப்பார், இறங்கும்போது பார்க்கமாட்டார். இறக்கத்தில் வேகம் காட்டினால் முழங்கால் போய்விடும் என்பது அவர் கணக்கு. மாகாணப் போட்டிக்குக் கண்டி போகம்பறை மைதானத்துக்குப் போனால் நிலைமை வேறு. ஏறியே பழகிய பிள்ளைகள் எட்டு குறுகி, 1,500 மீட்டரின் கடைசிச் சுற்றில் பின்தங்குகிறார்கள். இதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, தோற்றுத் தெரிந்துகொண்டார்.

மலைக்காற்றில் வளர்ந்த பிள்ளை ஓடாமல் என்ன செய்யும் என்று கீழே இருப்பவர்கள் சொல்வதை நான் ஒப்புவதில்லை. மஸ்கெலியா சுமார் 1,200 மீட்டர் உயரம். கென்யாவின் இட்டென் 2,400. அங்கேயும் காற்று மட்டும் ஓட்டவில்லை. 1976இல் அயர்லாந்திலிருந்து புவியியல் கற்பிக்கப் போன பிரதர் கொல்ம் ஓ'கொனெல் தடகளமே அறியாதவர். தான் கற்பித்த பாடசாலையிலேயே தங்கிப் பிள்ளைகளைக் கவனித்துக் கவனித்தே பயிற்றுநர் ஆனார். அவரிடம் பழகிய டேவிட் ருடிஷா 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டரை 1:40.91இல் ஓடி உலக சாதனை வைத்தார். நியூசிலாந்தின் பெயர்பெற்ற ஓட்டப் பயிற்றுநர் ஆர்தர் லிடியார்ட்டும் சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். கணக்கு சேருக்கு இதெல்லாம் சொன்னேன். "அங்க பிள்ளைங்க என்ன சாப்பிடுறாங்க?" என்று கேட்டார்.

அவர் கவலை அதுதான். தோட்டங்களில் இரத்தசோகை பழைய நோய். இரத்தத்தில் இரும்பு குறைந்தால் தசைக்கு ஒட்சிசன் போவதும் குறையும். நெடுந்தூரக்காரருக்கு அதைவிட வேறு கேடு வேண்டாம். ரொட்டியோடு பிளேன்டீ குடித்தால் உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதைத் தேயிலை தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணிநேரம் தேத்தண்ணி தொடாதே என்று அவர் சொல்வது, கொழுந்து பறிக்கும் தாய்மாரின் பிள்ளைகளிடம். அந்தத் தாய்மாரின் நாட்சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபாய், 2024இல் 1,350. ஓட்டச் சப்பாத்து பல நாள் சம்பளத்துக்குச் சமம். சாப்பாடும் சப்பாத்தும் நேரமும் சேர்ந்து கிடைக்கும் இடம் இராணுவம். மலையகத்திலிருந்து போய் 5,000, 10,000 மீட்டர்களில் தேசிய மட்டத்தில் வென்ற குமார் சண்முகேஸ்வரனும் இராணுவத்துக்காக ஓடியவரே.

பெண்பிள்ளைகள் அணிக்குப் பொறுப்பு தமிழ் மிஸ். ஆயுளில் ஓடியதில்லை என்று சிரித்தார். ஆனால் அவர் இல்லாவிட்டால் அணியே இல்லை, ஏனென்றால் லயம் லயமாகப் போய் அனுமதி வாங்குபவர் அவர்தான். "எத்தனை செக்கன்ல ஓடுவான்னு எந்த அம்மாவும் கேட்டதில்ல. பஸ் எத்தனை மணிக்குத் திரும்பும், இருட்டுல மேல வரைக்கும் யார் கூட்டிட்டு வருவான்னு கேப்பாங்க." மேல் டிவிஷன் பிள்ளைகளைத் தானே கொண்டுபோய் விடுவதாகச் சொல்லிப் போன வாரம் மூன்று பேருக்குக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். அவர் வீடு மஸ்கெலியா டவுனில், எதிர்ப்பக்கம்.