நிமிஷத்துக்கு 700 லிட்டர்

பிப்ரவரி 6

உடல் தகுதித் தேர்வு முடிந்தது. 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், ஓடிவிட்டேன். உயரம் 170 செ.மீ. மார்பளவு 81, மூச்சை இழுத்துப் பிடித்தால் அதற்கு மேல் 5 செ.மீ. விரிய வேண்டும். டேப் பிடித்தவர் இரண்டு தடவை இழுக்கச் சொன்னார். கயிறு ஏறியதில் உள்ளங்கைத் தோல் வழண்டுவிட்டது. இரவு சோற்றைப் பிசைய முடியவில்லை, ஸ்பூனில் சாப்பிட்டேன்.

காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்று வேலைக்கும் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் ஒரே தேர்வுதான் வைக்கிறது. விருப்ப வரிசையில் நான் தீயணைப்பை முதலில் எழுதியதைப் பார்த்து, பக்கத்தில் நின்ற தேனிப் பையன், "என்னண்ணே, போலீஸ் வேண்டாமா?" என்றான். வீட்டிலும் அதே கேள்விதான். "லத்தி வச்சிருந்தா நாலு பேரு பயப்படுவான். நீ தண்ணியடிக்கப் போறேங்கிற" என்று அப்பா சொல்ல, அம்மா சிரித்துவிட்டாள்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் ஃபயர் சர்வீஸ் வண்டி அதிகமாக வருவது கிணற்றுக்கு. மாடு விழுந்தது, குடித்துவிட்டு ஆள் விழுந்தது, குளிக்கப் போன பிள்ளை மூழ்கியது. ஆனால் தேர்வில் நீச்சல் இல்லை. நீளம் தாண்டத் தெரிந்தால் போதுமாம்.

மார்ச் 18

தாம்பரம், மாநிலப் பயிற்சி மையம். பத்தாம் வகுப்பு போதும் என்கிற வேலை. என் அறையில் இருப்பவர்களில் பாதிப் பேர் பட்டதாரிகள். நானே மெக்கானிக்கல் டிப்ளமோ.

தீயை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. ஹோஸைச் சுருட்டுகிறோம், உருட்டி விடுகிறோம், கப்ளிங் மாட்டுகிறோம், கழற்றுகிறோம், மறுபடி சுருட்டுகிறோம். ஏணி தூக்குகிறோம். மயங்கிக் கிடப்பவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறோம். மதியம் முழுக்க முடிச்சு. இரண்டு கண்ணி வரும் நாற்காலி முடிச்சில் ஒரு கண்ணி கைக்கடியில், இன்னொன்று முழங்காலுக்கடியில். அதில் ஆளை உட்கார வைத்து மாடியிலிருந்து இறக்கலாம். கண்ணைக் கட்டிக்கொண்டு போடச் சொல்கிறார்கள். புகைக்குள் கண்ணிருந்தும் பயனில்லை என்பதால்.

மார்ச் 27

இன்றைய வகுப்பை மறக்கக் கூடாது என்று விவரமாகவே எழுதிவைக்கிறேன்.

பயிற்றுநர் ஐயா கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டார். வாட்டர் டெண்டர் வண்டியில் 4500 லிட்டர் தண்ணீர். 20 மில்லிமீட்டர் நாசிலை 7 பார் அழுத்தத்தில் திறந்தால் நிமிஷத்துக்குச் சுமார் 700 லிட்டர் வெளியேறும். "எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று கேட்டார். வகுத்துப் பார்த்தோம். ஆறரை நிமிஷம்கூட இல்லை.

வகுப்பே அடங்கிவிட்டது. சினிமாவில் மணிக்கணக்காகப் பீய்ச்சுகிறார்களே என்று யாரோ முனகினார்கள். "சினிமாவுல லாரி கேமராவுக்குப் பின்னாடி நிக்கும் தம்பி. உனக்கு மெட்ரோ வாட்டர் லாரி வரணும், அது வர்றதுக்குத் தெரு வேணும்" என்றார் ஐயா.

அதனால்தான் தண்ணீரை எங்கே அடிப்பது, எப்போது மூடுவது என்பதில் இவ்வளவு கண்டிப்பு. தாரையாக அடித்தால் தூரம் போகும். தூவலாக அடித்தால் சீக்கிரம் ஆவியாகிச் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1700 லிட்டர் இடத்தை அடைக்கும். அந்த நீராவி காற்றைத் தள்ளித் தீயை அமுக்கும். மூடிய அறைக்குள் கவனமில்லாமல் அடித்தால் அடித்தவனையே வேகவைக்கும்.

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். ஊரில் மாங்காய்ப் பச்சடி, இங்கே மலர்வளையம்.

1944-இல் இதே தேதியில் பம்பாய் விக்டோரியா துறையில் நின்ற ஃபோர்ட் ஸ்டிக்கின் கப்பலில் தீப்பிடித்தது. பஞ்சுப் பொதிகளையும் சுமார் 1400 டன் வெடிபொருளையும் ஒரே கப்பலில் ஏற்றியிருந்தார்கள். தீயணைப்பு வீரர்கள் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருந்தும், புகையில் தீ எங்கே பிடித்தது என்றே தெரியவில்லை. மாலை 4 மணி தாண்டியதும் கப்பல் வெடித்தது. 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். நாடு முழுக்கத் தீத்தொண்டு வாரம் இந்த நாளில் தொடங்குவது அதனால்தான்.

நம் ஊர்ப் பெயரும் ஒன்று சொன்னார்கள். 2012 பொங்கல் சமயத்தில் சேப்பாக்கம் எழிலகம் வளாகத்தில், நவாப் காலத்துக் கட்டடத்தில் பிடித்த தீ. கட்டடம் இடிந்து விழுந்ததில் தீயணைப்பு வீரர் அன்பழகன் இறந்தார். உள்ளே போயிருந்த பெண் அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் கடுமையான தீக்காயத்தோடு பிழைத்து, மறுபடியும் இதே வேலைக்குத் திரும்பினார். இரண்டு நிமிட மௌனத்தில் நான் நினைத்தது வீரத்தை அல்ல, கூரையை. பழைய கட்டடத்துக்குள் நுழையும் முன் தலைக்கு மேலே பார் என்று இங்கே தினமும் கத்துகிறார்கள். அது இன்றுதான் எனக்கு உறைத்தது.

மே 9

முதுகில் பி.ஏ. செட் என்கிற மூச்சுக் கருவி, முகத்தில் கவசம், புகை அறை. சிலிண்டர் 6 லிட்டர், 300 பாரில் அடைத்தால் 1800 லிட்டர் காற்று. நிமிஷத்துக்கு 40 லிட்டர் இழுத்தால் முக்கால் மணி நேரம் வரும். அது தாளில் எழுதிய கணக்கு. பயந்தவன் இரண்டு மடங்கு இழுப்பான். காற்று குறைந்ததும் விசில் ஊதும். அது ஊதும்போது நாம் வாசலில் இருக்க வேண்டும், கிளம்ப யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது.

உள்ளே நடப்பதில்லை, தவழ்கிறோம். வலது கை சுவரை விட்டு எடுக்கவே கூடாது. திரும்பும்போது அதே சுவர் இடது கைக்கு வரும். தேனிப் பையன் பாதியில் கவசத்தைப் பிடுங்கப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

ஜூலை 3

பயிற்சி முடிந்து, வட சென்னையில் ஒரு நிலையம். மும்பையில் தீயணைப்புப் படை மாநகராட்சியின் கையில் இருக்கிறது. இங்கே மாநில அரசுத் துறை. ஆகவே நாளைக்கே என்னை வேறு மாவட்டத்துக்கும் தூக்கிப் போடலாம்.

முதல் அழைப்பு பாம்பு. இரண்டாவதும் பாம்பு. மூன்றாவது, தலையில் சில்வர் பாத்திரம் மாட்டிக்கொண்ட குழந்தை. லீடிங் ஃபயர்மேன் அண்ணன் அதன் கையில் தன் தொப்பியைக் கொடுத்து விளையாட விட்டுவிட்டு, சின்னக் கத்தரியால் விளிம்பை மெல்ல மெல்ல வெட்டினார். குழந்தையைவிட அதன் பாட்டிதான் அதிகம் அழுதாள். தாம்பரத்தில் இதைச் சொல்லித்தரவில்லை.

செப்டம்பர் 12

அடுக்களைத் தீ. வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டது, வீட்டுக்காரர் பதறிப்போய் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டார். எண்ணெயின் சூட்டில் தண்ணீர் அடியில் போன கணமே ஆவியாகும். அந்த 1700 மடங்கு நீராவி, எரியும் எண்ணெயைக் கூரை வரை தூக்கி எறியும். கையிலும் கழுத்திலும் காயம். அடுப்பை அணைத்து, தட்டு ஒன்றைப் போட்டு மூடியிருந்தால் முடிந்திருக்கும். இரவே அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "எண்ணெயில தண்ணி பட்டாத் தெறிக்கும்னு எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்றாள். சரிதான். ஆனால் தீ கண்ணெதிரே எரியும்போது தெரிந்தது எதுவும் கைக்கு வருவதில்லை. எங்களை மாதக்கணக்கில் பழக்குவதும் அதற்காகத்தான்.

தீபாவளி இரவு

ராக்கெட் ஒன்று மாடிக் கீற்றுக் கொட்டகையில் விழுந்துவிட்டது. மணி அடித்து வண்டி வாசலைத் தாண்டியதெல்லாம் நொடிக் கணக்கில். தெருமுனையோடு நின்றது. இரண்டு பக்கமும் பைக், நடுவில் ஒரு கார், அதன் உரிமையாளர் யாரென்று யாருக்கும் தெரியவில்லை. இறங்கி ஹோஸோடு ஹோஸைக் கோத்துக்கொண்டு ஓடினோம். ஹோஸின் முனைக் குழாயான பிராஞ்சை நான் பிடித்தேன். பின்னால் அண்ணன் என் இடுப்பைத் தாங்கிக்கொண்டு, "கூரையைப் பாரு, கூரையைப் பாரு" என்றார். பக்கத்து வீட்டுக்குத் தாவாமல் அடக்கிவிட்டோம். டெண்டரில் கொஞ்சம்தான் மிச்சம்.

வாட்ச் ரூமில் பதிவு எழுதும்போதுதான் தெரிந்தது: அந்தத் தெருவில் அத்தனை பேர் போனைத் தூக்கிப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள், 101-க்கு அழைத்தது ஒரே ஒரு பள்ளிக்கூடப் பையன். மற்றவர்களெல்லாம் வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று இருந்துவிட்டார்கள்.

ஆகவே இதைப் படிக்கிறவர்களுக்கு: படம் எடுக்கும் முன் 101. தெருப் பெயரோடு பக்கத்துக் கோயிலையோ பள்ளியையோ சொல்லுங்கள், எரிவது என்னவென்று சொல்லுங்கள், உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று சொல்லுங்கள். கேஸ் வாடை வந்தால் ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள். தெருமுனையில் வண்டியைக் குறுக்கே நிறுத்தாதீர்கள். தீயை அணைக்கவும் உயிரை மீட்கவும் நாங்கள் வருவதற்குக் கட்டணம் ஏதும் கிடையாது.