நிலவேம்பும் நம் சாட்சியமும்



நோயைத் தந்த அல்லாஹ் அதற்கு நிவாரணத்தையும் தந்திருக்கிறான் என்பது நம் ஈமான். அந்த நிவாரணம் இன்ன இலையில்தான் உள்ளது என்பதோ மனிதரின் கணிப்பு. கணிப்பைச் சோதிப்பது ஈமானுக்குக் குறைவன்று.

நார்த்தாமலையில் என்னிடம் ஓதும் மாணவன் ஒருவனின் அத்தாவுக்குப் பெருங்குடலில் நாள்பட்ட அழற்சிப் புண். நிலவேம்புக் கஷாயம் குடித்தபின் இரத்தப்போக்கு நின்றதாம். “ஹஜ்ரத், இனி மாத்திரையை விட்டுவிடலாமா?” என்று கேட்டார். “மருத்துவரைக் கேளாமல் விடாதீர்கள், கஷாயம் குடிப்பதையும் அவரிடம் மறைக்காதீர்கள்” என்றேன்.

காரணம் உண்டு. இந்நோய்க்கு நிலவேம்புச் சாறு முறையாகச் சோதிக்கப்பட்டுள்ளது. 2013இல் வெளியான ஆய்வில் 224 பேரை மூன்று பிரிவாக்கி எட்டு வாரம் கவனித்தனர். நாளொன்றுக்கு 1,800 மில்லிகிராம் உண்டோரில் 60 விழுக்காட்டினருக்கு நோய் தணிந்தது. 1,200 உண்டோரில் 45. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை உண்டோரிலும் 40. அடுத்து நடந்த பெரிய ஆய்வு, பலன் நிரூபணமாகும் வாய்ப்பில்லை என்று 2014இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது.

அந்த 40ஐ எண்ணிப் பாருங்கள். இது தானே தணிந்து தானே சீறும் நோய். ஆகவே, “எனக்குக் கேட்டது” என்பவர் பொய் சொல்லவில்லை. எதனால் கேட்டது என்பதை அவர் ஒருவரால் அறிய இயலாது, அவ்வளவே. அவர் சொல்லை நம்பி இன்னொருவர் மாத்திரையை நிறுத்தினால், அடங்கிய புண் மீண்டும் கிளம்பக்கூடும்.

சாட்சியம் ஓர் அமானிதம். மூலிகையொன்றைப் பிறருக்குச் சொல்லும்போதும், வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதும், நாம் அறிந்ததற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டாதிருப்போம்.