அழுகண்ணியும் நானும்



பூச்சி தின்னும் செடி என்றால் எங்கோ வெளிநாட்டுக் காட்டில்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். போன ஐப்பசியில் நகரி பக்கம் எங்க அவ்வா ஊருக்குப் போனபோது நேரிலேயே பார்த்தேன். மலையடிவாரத்தில், மழைத்தண்ணி கசியும் மணல் தரையில், நாணயம் அளவுக்குச் சிவப்பு சிவப்பாக ஒட்டிக் கிடந்தது. இலை பூரா முடி. ஒவ்வொரு முடி நுனியிலும் ஒரு சொட்டு. வெயில் ஏறியும் அது காயவில்லை. தொட்டால் விரலில் ஒட்டியது. அது பனி இல்லை, பசை!

"இதான்டா அழுகண்ணி. எப்பவும் கண்ணுல தண்ணியோட இருக்குது பாரு" என்றார் அவ்வா. அறிவியல் பாடத்தில் வரும் டிரோசிராதான் இது. இந்த வகைக்கு டிரோசிரா பர்மானி என்று பெயர்.

அறிவியல் கண்காட்சியில் வைத்தால் முதல் பரிசு எனக்குத்தான் என்று தோன்றியது. "வத்துரா, அது அங்கேயே இருக்கட்டும்" என்று அவ்வா சொல்லச் சொல்லக் கேட்காமல் 12 செடிகளைத் தோண்டி எடுத்து வந்தேன்.

செம்மண்ணும் சாணி எருவும் கலந்து தொட்டியில் நட்டேன். தினமும் போர் தண்ணி ஊற்றினேன். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பில் இருந்து ஒரு துண்டு எடுத்து இலைமேல் வைத்தேன். மூன்றே நாளில் சொட்டுகள் காணாமல் போயின. கறி வைத்த இலை கறுத்து அழுகியது. கார்த்திகை தீபத்துக்குள் 9 செடிகள் செத்துவிட்டன.

அழாத குறையாக அறிவியல் டீச்சரிடம் போனேன். "சத்தில்லாத மண்ணுல நைட்ரஜன் கிடைக்காமத்தான்டா அது பூச்சி பிடிக்குது. அதுக்குப் போய் எரு போட்டியா? உப்புத் தண்ணியும் ஆகாது" என்றார். 1875லேயே டார்வின் பூச்சி உண்ணும் தாவரங்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறாராம்.

மீதி 3 செடிகளைத் தயிர் கப்பில், நன்றாகக் கழுவிய ஆற்றுமணலில் நட்டேன். மாடியில் பக்கெட் வைத்துப் பிடித்த மழைத்தண்ணியைத் தட்டில் ஊற்றி, கப்பை அதில் உட்கார வைத்தேன். நல்ல வெயில் படுகிற இடம். வேறு ஒன்றும் செய்யவில்லை.

"குளிர்காலத்துல இந்தச் செடி தூங்கும், ஃப்ரிட்ஜ்ல வைடா" என்றான் என் நண்பன். குளிர் நாடுகளில் இருக்கும் சில வகைகள் மொட்டுபோலச் சுருங்கித் தூங்கும் என்பது உண்மைதான். ஆனால் நம்ம ஊர் அழுகண்ணிக்கு மார்கழிதான் வாழ்கிற காலம். ஒருநாள் கொசு ஒன்று இலையில் ஒட்டியது. நான் முப்பது எண்ணுவதற்குள் ஓரத்து முடிகள் வளைந்து அதை அமுக்கிவிட்டன! டிசம்பர் 31 இரவு படித் திருவிழாவுக்குப் போய் 365 படியும் ஏறி இறங்கி வந்ததும், தூங்கப் போகாமல் டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்றும் சொட்டுகளோடு மின்னின. தை மாதம் மெல்லிய தண்டில் வெள்ளைப் பூ விட்டது.

கண்காட்சியில் வைத்தேன். சார்ட்டில் "எடுத்தது 12, பிழைத்தது 3" என்று எழுதினேன். அந்த வரியை எழுதும்போது கை கூசியது. பரிசு கிடைக்கவில்லை.

மாசி வெயிலில் மூன்றும் காய்ந்தன. இந்தத் தடவை என் தப்பு இல்லை. ஒரு பருவம் வாழ்ந்து விதை விட்டுப் போவது அதன் இயல்பு. தூசி மாதிரி இருந்த கறுப்பு விதைகளைத் தாளில் மடித்து எடுத்துப்போய், தோண்டிய அதே இடத்தில் தூவினேன். அவ்வா ஒன்றும் சொல்லவில்லை. கூடவே குனிந்து, நான் போட்டிருந்த பள்ளங்களைக் காலால் சமன் செய்தார்.

அடுத்த ஐப்பசி மழைக்குப் பிறகு போய் எண்ணப் போகிறேன். 12 இருந்தால் போதும்.

நண்பர்களே, நீங்கள் எங்காவது அழுகண்ணியைப் பார்த்தால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பிடுங்காதீர்கள்.

– 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்